ஆயாவைத் தடுத்தால் கிருமி நின்றுவிடுமா? மருத்துவமனை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் அரசு மருத்துவமனையின் வாரிய உறுப்பினர்களுக்கு,

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் போன மாதம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். வார்டில் தொற்று கூடியிருக்கிறதாம். அதனால் இனி அம்மா அப்பா காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும்தான் உள்ளே இருக்கலாம். தாத்தா, ஆயா, பெரியம்மா, மாமா யாருக்கும் அனுமதி கிடையாது. கயிறு, விபூதி, எண்ணெய், வீட்டுச் சாப்பாடு எதுவும் வரக் கூடாது.

அறிவிப்பில் போடாத இரண்டு முடிவுகளும் அதே சமயத்தில் எடுத்தீர்கள். தொற்றுத் தடுப்பு சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போன இடத்தை நிரப்பவில்லை. அந்த வேலையை, ஏற்கெனவே வேறு வார்டுகளையும் பார்க்கும் ஒருவர் தலையில் கட்டிவிட்டீர்கள். அந்தப் பிரிவுக்கு இருந்த இரண்டு தனியறைகளில் ஒன்றில் இப்போது உடைந்த கட்டில்களும் அட்டைப்பெட்டிகளும் கிடக்கின்றன.

ஆக, பழி எங்கள் மேல். தொற்றைத் தடுக்க இருந்த ஆளும் இல்லை, அறையும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. இந்த மடலின் ஆங்கிலப் பிரதியை உங்கள் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். தமிழில் எழுதுவது, அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்காகவும்தான்.

நான் சாட்ஸ்வர்த்தில் இருப்பவன். வேலைக்காலம் முழுவதும் ஒரு பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். என் பேத்தி உங்கள் வார்டில் இருந்தவள். நாலு வயது. நிமோனியாவில் தொடங்கி, கிருமி ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் விழுந்து, சுவாசக் கருவியில் போட்டார்கள். அந்த முதல் வாரத்தில் உங்கள் டாக்டர்களும் சிஸ்டர்களும் செய்த வேலைக்கு நாங்கள் சாகும்வரை கடன்பட்டவர்கள். அவர்களைப் பற்றி ஒரு குறையும் எனக்கில்லை. காய்ச்சல் இறங்கியது. மருந்து ஒவ்வொன்றாகக் குறைந்தது. இனி பயமில்லை என்று வீட்டுக்குப் போன் பண்ணினோம்.

அப்புறம்தான் இரண்டாவது காய்ச்சல் வந்தது. நிமோனியாவைக் கொண்டுவந்த கிருமி இல்லை இது. வேறு கிருமி: கிளெப்சியெல்லா. வழக்கமான மருந்து எதற்கும் மசியாத ரகம். மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் போட்டிருந்த மெல்லிய குழாய், அதாவது லைன், வழியாக ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் இருந்து அவள் கொண்டுவந்த கிருமி அல்ல இது. உங்கள் கூரைக்குக் கீழே இருந்து வந்தது.

ஏன் இவளுக்கு, இவ்வளவு சுலபமாக? அன்றைக்கு இரவு டியூட்டியில் இருந்த ஓர் இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். கடுமையான தொற்று, விபத்து, தீக்காயம், இருதய அறுவை, எதுவானாலும் உடம்பு முதலில் முழு மூச்சாக எதிர்த்து எழுகிறது. அந்த வேகம் உடம்பின் சொந்த உறுப்புகளையே பாழாக்கிவிடாமல் இருக்க, அதை அடக்கும் வேலையும் கூடவே ஆரம்பிக்கிறது. சில குழந்தைகளில் இந்த அடக்கம் அளவு மீறிப் போய், நாள்கணக்கில் நீடிக்கிறது. எதிர்ப்புச் சக்தி செயலற்றுப் போகிறது. இம்யூனோபராலிசிஸ் என்கிறார்கள். மோனோசைட் என்ற வெள்ளணு, பிடித்த கிருமியின் துண்டை மற்ற அணுக்களுக்குக் காட்டுவது எச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதத்தின் மேல் வைத்துத்தான். இந்த நிலையில் அந்தப் புரதம் அணுவின் மேற்பரப்பில் இருந்து பெருமளவு மறைந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தோடு பாக்டீரியாவின் நச்சைச் சேர்த்துப் பார்த்தால், சாதாரணமாக வெளியே கொட்ட வேண்டிய டி.என்.எஃப். என்ற பொருள் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. கிருமி கண்ணெதிரே இருக்கிறது, ரத்தம் அசையவில்லை. இப்படி இருக்கும் குழந்தைகளுக்குத்தான் மருத்துவமனையில் புதுத் தொற்று அதிகம் வருகிறது, சாவும் அதிகம் என்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் வருடக்கணக்காக எழுதிவருகிறார்கள். அந்தச் சமயத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கும். நம் நாட்டில் ஊட்டம் குறைந்து வரும் குழந்தைகளையும் எச்.ஐ.வி.யோடு வரும் குழந்தைகளையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இதற்கு மருந்து கேட்டு நான் எழுதவில்லை. ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற ஊசி போட்டால் வெள்ளணுக்கள் மறுபடி விழிக்கின்றன என்று அதே ஒஹையோ ஆட்கள் 2011-இல் கையளவு குழந்தைகளிடம் காட்டினார்கள். அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. துத்தநாகம், செலினியம், குளுட்டமின் எல்லாம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2012-இல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் பயனில்லை என்று அதை நடுவிலேயே நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி கூட்டுகிறேன் என்று பார்மசியில் எதையாவது வாங்கிக்கொண்டு ஓடிவரும் சொந்தக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

மருந்து இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தக் குழந்தையின் உடம்பு காவல் காக்க முடியாத நாட்களில் கிருமி அதன் பக்கத்திலேயே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். கிருமி போக அவளுக்கு எத்தனை வாசல் திறந்திருந்தது என்று நான் எண்ணிப் பார்த்தேன். மூச்சுக்குழாயில் ஒரு குழாய், கழுத்தில் லைன், மூத்திரப் பையில் ஒரு குழாய், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒன்று. நான்கையும் போட்டது மருத்துவமனை. நான்கையும் தொடுவது மருத்துவமனையின் கைகள். அவளுடைய ஆயா தொட்டது கட்டைவிரலை மட்டும்.

இனி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் தாத்தா ஆயாவும் முறை வைத்து உள்ளே உட்காரலாம். பழைய தொழில் புத்தி, என் கண் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு சிங்க். அதன் மேல் கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் டப்பா. அழுத்தினால் புஸ் என்று காற்றுதான் வந்தது. டப்பாவின் மேல் யாரோ நீல டேப்பில் 'ரீஃபில்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். டேப்பின் ஓரம் சுருண்டு, எழுத்தே மங்கிப்போயிருந்தது. சிங்கில் தண்ணீர் சில நாள் வரும், சில நாள் வராது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டடத்தின் பின்பக்கம் தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் ஒன்று நிற்கிறதே, அதில் இருந்து இந்தக் குழாய்க்கு ஏன் இணைப்பு இல்லை என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. தண்ணீர் வரும் நாளில் அது சிங்கின் நடுவில் விழுந்து, ஓட்டைக்குள் இருந்து மேலே தெறித்தது. தெறித்த இடத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி, டிரிப்பில் கலக்கும் மருந்துகளைத் தயார் செய்யும் தட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் சிங்க் ஓட்டைகளில் கிளெப்சியெல்லா மாதிரியான கிருமிகள் குடியிருந்து, தெறிக்கும் தண்ணீரோடு வெளியே வரும் என்பது பல நாடுகளில் பார்த்து நிரூபித்த விஷயம்.

இரவில் நிலைமை வேறு. சுவாசக் கருவியில் மூன்று பிள்ளைகள், ஒரே ஒரு சிஸ்டர். லைனில் மருந்து ஏற்றும் முன் அதன் வாயை ஆல்கஹால் துணியால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, பிறகுதான் ஊசியைச் செருக வேண்டும். அந்தச் சிஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும், அமைதியான நேரத்தில் அப்படித்தான் செய்வார். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்தது. போட்டிருந்த கையுறையோடு அங்கே ஓடினார், அந்தக் குழந்தையின் சளியை உறிஞ்சி எடுத்தார், மூன்றாவது கட்டிலில் பம்ப் கத்தியது, அங்கே போனார். திரும்பி வந்தபோது கையுறை மாறியிருந்ததா? இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒருவரை நிறுத்தியது அவர் இல்லையே.

எங்கள் ஆலையில் ஒரு நாள் பாலில் கிருமி எண்ணிக்கை ஏறினால், முதலில் குழாய், வால்வு, தொட்டி, தொழிலாளி கை என்று வரிசையாகத் துடைத்தெடுத்துச் சோதிப்போம். பால் வாங்க வந்தவர் கையைப் பிடித்துச் சோதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் எங்கே சோதித்தீர்கள்? சிங்கைத் துடைத்தெடுத்தீர்களா? மருந்து கலக்கும் தட்டை? அந்த முடிவுகள் எங்கே? விபூதிதான் காரணம் என்று எந்தச் சோதனை சொன்னது?

விபூதியைப் பற்றி ஒரு வார்த்தை. லைன் போட்ட குழந்தையின் பக்கத்தில் தூள் எதுவும் வேண்டாம் என்றால், சரி, நியாயம்தான். ஒத்துக்கொள்கிறோம். மணிக்கட்டில் கட்டிய கயிறு ஈரத்தில் ஊறிக் கிடந்தால் கிருமி தங்கும், அதுவும் சரி. எங்கள் வீட்டம்மாள் விபூதியைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனாள். இருமல் சளி உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள், அதையும் எதிர்க்க மாட்டோம். சொல்லிக் கொடுத்தால் கேட்கிறவர்கள்தான் நாங்கள். ஆனால் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா எங்கள் பூஜை அறையில் வளர்வதில்லை.

இந்த மாகாணத்துக்கு இது புதிதும் இல்லை. 2005-இல் இதே டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கிளெப்சியெல்லா பரவி இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை மறந்துவிட்டீர்களா? என் பேத்தி இருந்தது வேறு மருத்துவமனை. ஆனால் அந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. டர்பன் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் நிபுணர்கள் தேடிப் போனபோது கிருமி இருந்த இடம், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ். ஒரே புட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பல தடவை பயன்படுத்தியிருக்கிறார்கள். தேடியதால்தான் தெரிந்தது. 2019 கடைசியில் கௌடெங் மாகாணத்தில் தெம்பிசா மருத்துவமனையில் இதே கிருமியின் மருந்துக்கு அடங்காத ரகம் பரவி 10 குழந்தைகள் போனார்கள். அப்போதும் பேச்செல்லாம் இட நெருக்கடி, ஆள் பற்றாக்குறை பற்றித்தான்.

பணம் இல்லை என்பீர்கள். எனக்கு அந்தப் பதில் நன்றாகவே தெரியும். நம் டர்பன்காரர் தியாகராஜ் சோப்ரமனி டயாலிசிஸ் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். அரசிடம் இருக்கும் வசதிக்குள்தான் கொடுக்க முடியும் என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. எத்தனையோ பேருக்கு அந்தத் தீர்ப்பு வலித்தது, ஆனாலும் அதில் இருக்கும் கணக்கு புரிந்தது. இப்போது நான் கேட்பது டயாலிசிஸ் இயந்திரம் இல்லை. டப்பாவில் ஆல்கஹால். குழாயில் தண்ணீர். ஒரு சிஸ்டரின் சம்பளம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து சாதாரண வேலைகளை ஒழுங்காகச் செய்து லைன் வழித் தொற்றை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைத்தார்கள்: கை கழுவுதல், லைன் போடும்போது கவுன், முகமூடி, விரிப்பு என்று முழு மறைப்பு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் தோல் துடைப்பு, தொடை நரம்பைக் கூடியவரை தவிர்ப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுப்பது. அது பெரும்பாலும் பெரியவர்கள் வார்டு. பிறகு அமெரிக்காவின் பல இடங்களில் 29 குழந்தைகள் பிரிவுகளில் இதே போல் செய்தபோது 43 சதவீதம் குறைந்தது. குழந்தைகளிடம் அதிகம் பலித்தது, லைனைப் போட்ட பிறகு தினமும் பார்த்துக்கொள்ளும் விதம்தான். நம் நாட்டிலும் 2009-இல் 'பெஸ்ட் கேர் ஆல்வேஸ்' என்ற பெயரில் இதே வேலையைத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியல் உங்கள் வார்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் டியூட்டி அட்டவணையைக் குத்தி வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கம், தொற்று வந்தபின் ஆகும் செலவைப் பாருங்கள். என் பேத்தி அந்த வார்டில் கூடுதலாகக் கிடந்த காலம், கோலிஸ்டின், அமிகாசின், மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. அமிகாசின் அவளைக் காப்பாற்றியது, காதையும் கெடுத்தது. அந்த மருந்தால் அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. இப்போது இரண்டு காதிலும் கருவி. 'ச', 'ஸ', 'ஃப' எல்லாம் அவளுக்கு ஒன்றுதான், கூப்பிட்டால் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். கருவிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் இந்த மாகாணம்தான் வருடக்கணக்கில் செலவழிக்கப் போகிறது. ஆல்கஹால் டப்பா என்ன விலை இருக்கும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்குப்படி, வசதியான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே தொற்று வருகிறது. உங்கள் வார்டில் எத்தனை? தெரியாது. கேட்டேன், உள் விவகாரம் என்றார்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 30 நாள் கெடு. ஆனால் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு நிற்கும் ஒரு தாய் இதற்குச் சட்டம் பேச வேண்டியிருப்பது உங்களுக்கே சங்கடமாக இல்லையா?

உங்களில் சிலர் சமூகப் பிரதிநிதிகளாக அந்த நாற்காலியில் இருப்பவர்கள். கோயில் கமிட்டியிலும் பள்ளிக் கமிட்டியிலும் எங்களோடு உட்கார்ந்தவர்கள். 2018-இல் அரசிதழில் வந்த சுகாதார நிறுவனங்களுக்கான விதிகள், கை கழுவும் வசதி ஒவ்வொரு சேவைப் பகுதியிலும் இருக்க வேண்டும், தொற்றுள்ளவரைத் தனியே வைக்க அறை இருக்க வேண்டும் என்கின்றன. குழந்தை சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் அதன் நலனே முதன்மை என்று அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அட்டைப்பெட்டி அடுக்கிய அந்த அறையை இந்த இரண்டோடும் எப்படிப் பொருத்துவீர்கள்?

நாங்கள் கேட்பவை இவை.

கதவில் ஒட்டிய அறிவிப்பை எடுங்கள். அம்மா அப்பாவில் ஒருவர் எந்த நேரமும் குழந்தையோடு இருக்க விடுங்கள். வேலைக்குப் போகாமல் சமாளிக்க முடியாத தாய்மார்கள் இங்கே நிறைய. அவர்களுக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அது ஆயாவாகவும் இருக்கலாம். உள்ளே வருகிறவர் எல்லோருக்கும் கை கழுவச் சொல்லிக் கொடுங்கள். கூடவே, கை கழுவாமல் குழந்தையைத் தொட வரும் யாரையும், டாக்டரே ஆனாலும், நிறுத்திக் கேட்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். பெற்றோரின் கண் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் காவல். அதை வெளியே தள்ளாதீர்கள்.

தொற்றுத் தடுப்பு சிஸ்டர் பதவியை முழுநேரப் பதவியாகவே நிரப்புங்கள். தனியறையைக் காலி செய்து திருப்பித் தாருங்கள். டேங்க்கில் இருந்து வார்டுக் குழாய்க்கு இணைப்பு கொடுங்கள். மருந்து கலக்கும் தட்டைச் சிங்கில் இருந்து தள்ளி வையுங்கள், இதற்கு ஒரு ராண்ட் கூட ஆகாது, நாளைக்கே செய்யலாம். சுவாசக் கருவியில் உள்ள குழந்தைக்கு இரவிலும் ஒரு சிஸ்டர் வேண்டும். முடியவில்லை என்றால், எந்த இரவு எத்தனை பேர் குறைந்தார்கள் என்று பதிவு செய்து வாரியத்தின் முன் வையுங்கள்.

இந்தத் தொற்று எங்கே இருந்து வந்தது என்று வெளியில் உள்ள நுண்ணுயிரியல் நிபுணர்களை வைத்துத் தேடுங்கள். சிங்க், மருந்துத் தட்டு, திறந்த புட்டிகள், சளி உறிஞ்சும் கருவி எல்லாவற்றையும். அறிக்கையை முழுதாக வெளியிடுங்கள், எங்கள் தரப்பிலும் தப்பு இருந்தால் அதையும் சேர்த்தே.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். லிம்போசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 1000-க்குக் கீழே ஒரு வாரத்துக்கு மேல் இறங்கிக் கிடக்கும் குழந்தைகளுக்குப் புதுத் தொற்றும் சாவும் அதிகம் என்று ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். எச்.எல்.ஏ.-டி.ஆர். சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. லிம்போசைட் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வருகிறது. அதைக் கவனித்து, அப்படிப்பட்ட குழந்தையின் கட்டிலில் ஓர் அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு குழாயும் இன்றைக்கும் தேவைதானா என்று தினமும் காலையில் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, எண்கள். லைன் போட்டிருந்த ஒவ்வொரு 1000 நாளுக்கு எத்தனை ரத்தத் தொற்று, கை கழுவலைச் சோதித்தபோது நூற்றுக்கு எத்தனை தேறியது, இரண்டையும் மாதாமாதம் அதே கதவில், அந்த அறிவிப்பு இருந்த இடத்திலேயே ஒட்டுங்கள். ஒரு குழந்தைக்கு வார்டிலேயே தொற்று வந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால், அன்றைக்கே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரிந்தது, டியூட்டி மாறும் நேரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எங்களில் இரண்டு பேரை உள்ளே உட்கார விடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும் அல்லது முடியாது, முடியும் என்றால் எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

உங்கள் வார்டில் இருந்து வீடு திரும்பிய ஒரு குழந்தையின் தாத்தா
சாட்ஸ்வர்த், டர்பன்